மருத்துவமனையைச் சாலைக்குக் கொண்டுவந்தவர்

1942 பிப்ரவரி 15. சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. சிறைபிடிக்கப்பட்ட பிரிட்டிஷ் படையினரில் 25 வயது இராணுவ மருத்துவர் ஒருவரும் இருந்தார். அவர்தான் ஃபிராங்க் பான்ட்ரிஜ். இன்றைய வட அயர்லாந்தின் ஹில்ஸ்பரோவில் 1916இல் பிறந்தவர்.

மலாயாத் தோட்டங்களிலிருந்து சென்ற தமிழர் பலரைப் பலிகொண்ட சயாம் மரண ரயில் பாதைக்கு அவரும் அனுப்பப்பட்டார். சத்துக்குறைவால் வரும் பெரிபெரி நோய் அங்கு அவருடைய இதயத்தைத் தாக்கியது. எலும்பும் தோலுமாக உயிர்பிழைத்து ஊர் திரும்பினார்.

போருக்குப் பின்னர் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில், இசிஜி ஆய்வில் புகழ்பெற்ற ஃபிராங்க் வில்சனிடம் பயின்றார். 1950இல் பெல்ஃபாஸ்ட் திரும்பி, ராயல் விக்டோரியா மருத்துவமனையில் பணியைத் தொடங்கினார்.

1960களில் மாரடைப்பு நோயாளிகளுக்கென மருத்துவமனைகளில் தனிப் பிரிவுகள் உருவாகி வந்தன. ஆனால், அங்கு வந்து சேருமுன்பே இறந்துவிடுவோரை யார் காப்பாற்றுவது? இந்தக் கேள்வி பான்ட்ரிஜை உறுத்தியது. மாரடைப்பால் இறப்போரில் பலர் முதல் ஒருசில மணி நேரத்திலேயே இறந்துவிடுகின்றனர்.

இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய் அடைபடும்போது, இதயத்தின் கீழறைகள் சீராகச் சுருங்காமல் வெறுமனே நடுங்கத் தொடங்கலாம். அப்போது மூளைக்கு இரத்தம் போகாது. சில நிமிடங்களில் உயிர் பிரியும். உடனே மின்னதிர்ச்சி கொடுத்தால் இதயத்துடிப்பு சீராகக்கூடும். ஆனால், அதற்கான கருவி மருத்துவமனைக்குள்ளேயே இருந்தது.

நோயாளி வரட்டும் என்று காத்திருக்காமல், சிகிச்சையே அவரைத் தேடிப் போகட்டும் எனப் பான்ட்ரிஜ் முடிவு செய்தார். கார் பேட்டரியில் இயங்கும் மின்னதிர்ச்சிக் கருவி உருவாக்கப்பட்டது. அதன் எடை சுமார் 70 கிலோ! 1966 ஜனவரியில், சக மருத்துவர் ஜான் கெடிஸுடன் சேர்ந்து, அதை ஆம்புலன்சில் ஏற்றிச் சேவையைத் தொடங்கினார்.

அடுத்த ஆண்டு ‘லான்செட்’ மருத்துவ இதழில் முடிவுகள் வெளிவந்தன. 15 மாதங்களில் 312 நோயாளிகள். ஆம்புலன்ஸ் பயணத்தில் ஒருவர்கூட இறக்கவில்லை. இதயம் நின்றுபோன 10 பேருக்கு மீண்டும் துடிப்பு வந்தது. அவர்களில் 5 பேர் நலமாக வீடு திரும்பினர். அமெரிக்கா இம்முறையை விரைந்து பின்பற்றியது. அவருடைய சொந்த நாடோ தயங்கித் தயங்கியே ஏற்றது. அவர் சோர்ந்துவிடவில்லை. கருவியின் எடையைச் சுமார் 3 கிலோவாகக் குறைத்துக் காட்டினார்.

2004இல், 88ஆம் வயதில் அவர் மறைந்தார். இன்று கடைத்தொகுதிகளிலும் ரயில் நிலையங்களிலும் நாம் பார்க்கும் ஏஇடி கருவிகள், அவர் போட்ட பாதையில் வந்தவையே.

மாணவர்களே, அந்தப் பாதையில் முதல் அடி அருகில் இருப்பவருடையது. நெஞ்சை அழுத்தும் வலி, கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் ஆகியவை மாரடைப்பின் அறிகுறிகள். பெண்களுக்கும் நீரிழிவு நோயாளிகளுக்கும் நெஞ்சுவலி இல்லாமலும் வரலாம். வாயுத் தொல்லை என்று ஒதுக்காமல், மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995 எண்ணை உடனே அழையுங்கள். ஒருவர் சுயநினைவிழந்து, இயல்பாக மூச்சு விடாமல் கிடந்தால், நெஞ்சின் நடுவில் வேகமாகவும் பலமாகவும் அழுத்தத் தொடங்குங்கள்; ஏஇடி கருவியைக் கொண்டுவரச் சொல்லுங்கள். என்ன செய்ய வேண்டும் என்பதை அந்தக் கருவியே குரல் கொடுத்துச் சொல்லும்.

ஆம்புலன்ஸ் வந்து சேரும்வரை உள்ள அந்தச் சில நிமிடங்கள் உங்கள் கையில்தான் இருக்கின்றன.