தம்வழி கண்ட கணிதமேதை

வகுப்பில் மாணாக்கர் நாற்பதின்மர் இருப்பின், முப்பத்தொன்பதின்மர் ஒரு வழியே செல்ல, ஒருவன் மட்டும் வேறு வழியே செல்வது ஆசிரியத் தொழில் பூண்ட யாம் பலகாலும் கண்டதொன்று. அவ்வொருவனை வீட்டார் உதவாதவன் என்பர். உடன் பயில்வோர் கிறுக்கன் என்பர். நாளடைவில் அவனும் தன்னைக் குறையுடையவனென்றே நம்பித் தலைகவிழ்ந்து நடப்பான். அத்தகைய பிள்ளைகளும் அவரைப் பெற்றோரும் அறியவேண்டிய வரலாறு, கணிதமேதை ஸ்ரீநிவாச இராமாநுஜனாருடையது. அவர்தம் புகழ் யாவரும் அறிந்ததே. அப்புகழுக்கு முன்னர் அவர் பட்ட நாணத்தையும், அதனின்றும் அவர் மீண்ட வகையையும் எண்ணிப் பார்த்தோர் சிலரே. ஆதலின் ஈண்டு அவற்றையே சுருங்க உரைப்பாம்.

இவர் 1887-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் ஈரோட்டில் தாய்வழிப் பாட்டனார் இல்லத்திற் பிறந்தார். தந்தையார் ஸ்ரீநிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் ஒரு துணிக்கடையிற் கணக்கெழுதி வந்தவர், தாயார் கோமளத்தம்மாள். சாரங்கபாணி சந்நிதித் தெருவிலுள்ள சிறு வீட்டில் வளர்ந்து, அவ்வூர் டவுன் ஹைஸ்கூலிற் பயின்று, 1904-இல் கணிதத்திற்கெனப் பரிசும் பெற்றார். பள்ளியிற் பயிலுங் காலத்திலேயே கார் என்னும் ஆங்கிலேயர் தொகுத்த கணித நூலொன்று இவர் கைக்கு எட்டியது. ஏறத்தாழ 5000 முடிபுகளை அடுக்கிவைத்த நூல் அது. அவற்றை நிறுவும் வழியோ அதில் விரித்துரைக்கப்படவில்லை. பிறர்க்கு வறண்ட பட்டியலாகத் தோன்றும் அந்நூல் இவர்க்கு விருந்தாயிற்று. ஒவ்வொரு முடிபையும் தாமே நிறுவப் புகுந்தவர், அவற்றினின்றும் புதியன காணவுந் தலைப்பட்டார்.

அன்று தொட்டு ஏனைப் பாடங்களில் இவர் மனம் செல்லவில்லை. கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உபகாரச் சம்பளத்துடன் சேர்ந்தவர், கணிதமொழிந்த பாடங்களிற் பின்தங்கி அச்சம்பளத்தை இழந்தார். எளிய குடும்பத்திற்கு அது பேரிடி. அந்த நாணம் தாங்கமாட்டாராய் 1905-இல் ஒருவருக்குஞ் சொல்லாமல் வீட்டைவிட்டு விசாகப்பட்டினம் வரை சென்றுவிட்டார். பின்னர்த் திரும்பி, 1906-இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்தார். அங்கும் அதே நிலைதான். எப். ஏ. பரீட்சையில் 1906-இலும் 1907-இலும் தவறினார். பட்டமில்லை, பட்டமின்றி வேலையில்லை. ஊரார் கண்ணுக்கு இவர் படிப்புக் கெட்டுப்போன பிள்ளை.

இக்காலத்தில் இவர் செய்தது யாது? திண்ணையிலிருந்து கற்பலகையிற் கணக்கிட்டார். காகிதம் வாங்கப் பொருளின்மையால், கண்ட முடிபை மட்டும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, பலகையை முழங்கையால் துடைத்துவிட்டு மேலே சென்றார். 1909-இல் ஜானகி அம்மாளுடன் திருமணம் நிகழ்ந்தது. இனி வேலை தேடியே தீரவேண்டுமென்ற நிலை வந்தது. அப்பொழுது, முன்னர் ஓடி ஒளியச்செய்த தம் வேறுபாட்டினையே கையிலேந்திக்கொண்டு புறப்பட்டார். பட்டச் சான்றிதழ் இல்லாதவர்க்கு அக்குறிப்பேடுகளே சான்றாயின.

1910-இல் திருக்கோவலூரில் டெபுடி கலெக்டராக இருந்தவர் இந்தியக் கணிதச் சங்கத்தைத் தோற்றுவித்த வி. இராமசுவாமி ஐயர். அவரிடஞ் சென்று இவர் வேண்டியது ஒரு சிறு குமாஸ்தா வேலை. குறிப்பேடுகளைப் புரட்டிய ஐயர் அவ்வேலையைக் கொடுக்க மறுத்துவிட்டார். இத்தகைய அறிவு ரெவினியூ காரியாலயத்திற் புதைந்து போகலாகாதென்பது அவர் கருத்து. அவர் முதலானோர் உதவியால் நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவைக் காணும் வாய்ப்புக் கிடைத்தது. ராவ் முதலில் ஐயுற்றார். பின்னர்த் தெளிந்து மாதம் 25 ரூபா தந்து ஆதரித்தார். பிறர் பொருளில் நெடுங்காலம் வாழ இராமாநுஜனார் மனம் ஒப்பவில்லை. 1912 மார்ச்சு முதல் சென்னைத் துறைமுகக் காரியாலயத்தில் மாதம் 30 ரூபாவிற்குக் கணக்கெழுதினார்.

1913 ஜனவரி 16-ஆம் நாள் கேம்பிரிட்ஜிலிருந்த ஹார்டி என்னும் கணித அறிஞருக்கு இவர் ஒரு கடிதம் விடுத்தார். முன்னர் வேறு இருவருக்கு எழுதிப் பயன்பெறாதவர் இவர். ஆயினும் அக்கடிதத்தில் தம் நிலையைச் சிறிதும் மூடி மறைக்கவில்லை. ஆண்டிற்கு 20 பவுன் பெறும் குமாஸ்தா தாமென்றும், பல்கலைக்கழகக் கல்வி தமக்கில்லையென்றும், தமக்கெனப் புதுவழியொன்று வகுத்துக்கொண்டு செல்வதாகவும் தொடக்கத்திலேயே தெரிவித்துவிட்டுத் தாம் கண்ட முடிபுகளை வரிசையாக எழுதினார். அன்பர்களே, இவ்விடத்திற் சிறிது நின்று எண்ணுமின்! எக்காரணத்தால் 1905-இல் வீட்டைவிட்டு ஓடினாரோ, அக்காரணத்தையே எட்டாண்டு கழித்து முன்பின் அறியாத பேரறிஞர்க்கு நிமிர்ந்து நின்று கூறுகின்றார். குறை மாறவில்லை; அதனை நோக்கும் அவர்தம் நோக்கு மாறியது. இவர் வரலாற்றில் யாம் பெரிதும் போற்றுவது இதனையே.

ஹார்டியும் அவர்தம் நண்பர் லிட்டில்வுட்டும் அம்முடிபுகளை ஆராய்ந்து வியந்தனர். சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபா அளித்தது. 1914 மார்ச்சு 17-ஆம் நாள் இவர் கப்பலேறினார்.

தனிவழி நடத்தற்கும் விலையுண்டு. இவர் அரிதின் முயன்று கண்டவற்றுட் பல, ஐரோப்பியர் முன்னரே கண்டனவாக இருந்தன. பகாஎண்களைப்பற்றிய சில முடிபுகள் பிழைபட்டன. கற்பாரின்றித் தனித்திருந்ததால் வந்த இழப்பு அது. அதனை இவர் மறுக்காது, வேண்டியவற்றைக் கற்றுக்கொண்டார். ஹார்டியோ, முறைப்படி எல்லாவற்றையும் இவர்மேற் சுமத்தினால் இயல்பான ஊக்கங் கெடுமென்று அஞ்சி, அளவறிந்து கற்பித்தார். தாம் கற்பித்ததினும் இவரிடம் கற்றதே மிகுதியென்றுங் கருதினார். ஆசிரியராயினார்க்கு இதனினுஞ் சிறந்த பாடம் வேறு யாதுளது?

எப். ஏ.யில் இருமுறை தவறியவர்க்கு ஆராய்ச்சியின் பொருட்டு 1916-இல் கேம்பிரிட்ஜ் பட்டம் அளித்தது. 1918-இல் இலண்டன் இராயல் சொசைட்டியும், பின்னர் டிரினிடிக் கல்லூரியும் இவரைத் தம் உறுப்பினராக ஏற்றன. போர்க்காலத்தில், அந்நிய நாட்டில், மரக்கறி உணவும் எளிதிற் கிட்டாது உடல் நலிந்தார். ஆண்டிற்கு 250 பவுன் தர முன்வந்த சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு 1919-இல் இவர் எழுதியது நெஞ்சை உருக்குவது. பெற்றோர்க்கும் தமக்கும் வேண்டியது போக எஞ்சுவதை ஏழைச் சிறுவர்க்கும் அநாதைகட்கும் பள்ளிச் சம்பளம், புத்தகம் முதலியவற்றிற்குச் செலவிடுமாறு வேண்டினார். உபகாரச் சம்பளம் இழந்த வேதனையை அறிந்த நெஞ்சமன்றோ! அவ்வாண்டே தாய்நாடு திரும்பி, நோயிலுங் கணிதம் விடாதிருந்து, 1920 ஏப்ரல் 26-ஆம் நாள், 32 வயதிற் சென்னையில் மறைந்தார். அவ்விறுதிக் காலத்து எழுதிய தாள்கள் 1976-இல் டிரினிடிக் கல்லூரி நூலகத்திற் கண்டெடுக்கப்பட்டு, அறிஞரால் ஆராயப்பட்டு வருகின்றன.

வேறுபட்ட பிள்ளைகள் யாவரும் இராமாநுஜனார் ஆவர் என்று யாம் கூறவில்லை. ஆயின், குறிப்பேட்டைப் பொறுமையுடன் புரட்டிப் பார்த்த ஓர் இராமசுவாமி ஐயர் இல்லையேல் அவர்தாமும் வெளிப்பட்டிரார். ஆதலின் பெற்றோர்களே, நும் பிள்ளை பிறரைப்போல் இல்லையே என்று வருந்துமுன், அவன் தனித்திருந்து செய்வது யாதென ஒருமுறை அருகிருந்து காண்மின். இளைஞர்களே, நும் வழி வேறாயின் அதனை மறைக்கவும் வேண்டா, அதுபற்றிச் செருக்கவும் வேண்டா. அவ்வழியில் நாள்தோறும் உழைமின். அறியாதவற்றை அறிந்தோரிடம் கேண்மின். கண்டதை அஞ்சாது காட்டுமின்.