சோயராபாய்: அடைத்த வாசலின் முன் ஒரு கவி

அண்ணல் அம்பேத்கர் 1948இல் தாம் வெளியிட்ட ‘தீண்டப்படாதவர்கள்’ நூலை நந்தனார், ரவிதாஸ், சோகாமேளர் என்னும் மூவரின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார். நந்தனாரைத் தமிழர் நாம் நன்கறிவோம்; சோகாமேளரை ஓரளவேனும் அறிவோம். அவருடைய துணைவியார் சோயராபாயும் ஒரு பெருங்கவி என்பதை நம்மிடையே பேசியோர் மிகச் சிலர்.

14ஆம் நூற்றாண்டில் மராட்டிய மண்ணில், பண்டரிபுரத்தை அடுத்த மங்கள்வேடாவில் வாழ்ந்தவர் சோயரா. மகார் சாதியினர். செத்த மாட்டை அப்புறப்படுத்துவதும் ஊரெல்லையைக் காப்பதும் அச்சாதியின்மீது சுமத்தப்பட்ட தொழில்கள். ஊரார் தரும் எச்சிலே கூலி. அக்குடிசையிலிருந்துதான் ஒரு கவிக் குடும்பம் எழுந்தது. கணவர் சோகா, நாத்தனார் நிர்மளா, அவர் கணவர் பங்கா, மகன் கர்மமேளா என அனைவரும் விட்டலனைப் பாடினர். தையற்காரர் நாமதேவர், குயவர் கோரா, பணிப்பெண் ஜனாபாய் ஆகியோரைக் கொண்ட வார்க்கரி அடியார் கூட்டம் இவர்களையும் தம்மவராக ஏற்றது. பாட்டில் சமத்துவம் இருந்தது. கோயில் வாசலோ திறக்கவில்லை.

சோயராவின் பெயரில் சுமார் 62 அபங்கங்கள் கிடைக்கின்றன. அவற்றில் தம்மைச் சோகாவின் மகாரி என்றே அவர் முத்திரையிடுகிறார். கணவரின் பெயரும் சாதியின் பெயருமே அங்கு அவருடைய கையொப்பம். ஏழைக் குடிசையின் உணவை உண்ண வா என்று கடவுளை அழைக்கிறார். தம்மை மறந்துவிட்டதற்காக அக்கடவுளையே கடிந்தும் கொள்கிறார். எல்லா வண்ணங்களும் ஒன்றாகிப் போன நிலையைச் சொல்லும் அவருடைய அபங்கம் கிஷோரி அமோன்கரின் குரலில் பெரும்புகழ் பெற்றது. அதில் உருகும் இரசிகர்களில் எத்தனை பேர், பாடியவள் சேரிப்பெண் என்பதை நினைக்கின்றனர்?

தீட்டைப் பற்றிய அவருடைய அபங்கமே நம்மை அதிகம் நிறுத்துகிறது. தீட்டு உடலோடு பிறப்பது, தீட்டில்லாத உடல் எங்குமில்லை, அவ்வாறாயின் தூயவர் யார் என்பது அதன் வாதம். இதைக் கேட்பவர் ஒரு பெண் என்பதை மறத்தலாகாது. சாதியால் எந்நாளும் தீட்டு. மாதவிலக்காலும் பிள்ளைப்பேற்றாலும் மீண்டும் தீட்டு. அவருடைய பேறுகாலத்தில் கணவர் வீட்டில் இல்லை என்றும், விட்டலனே நாத்தனார் உருவில் வந்து மருத்துவம் பார்த்தான் என்றும் அடியார் கதைகள் கூறும். அழகிய கதைதான். ஆனால் ஊரிலிருந்து உதவிக்கு வேறெவரும் வந்ததாக அக்கதையும் சொல்லவில்லை.

1338இல் மங்கள்வேடாவில் மதில் கட்டும் வேலையில் ஈடுபட்டிருந்த சோகா, அது இடிந்து விழுந்து மாண்டார். நாமதேவர் அவருடைய எலும்புகளைக் கொணர்ந்து பண்டரிபுரக் கோயில் வாசலுக்கு வெளியே அடக்கம் செய்தார் என்பது மரபு. கணவருக்குச் சமாதி எழுப்பிய மரபு, சோயராவின் இறுதி நாள்களைக் குறித்து வைக்கவில்லை.

சோகாவின் சமாதியே பிற்காலத் தலித் மக்களுக்கும் எல்லையாயிற்று. அதைத் தாண்டி உள்ளே செல்ல அவர்களுக்கு உரிமையில்லை. ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகளுக்குப் பின் ரமாபாய் அம்பேத்கர் பண்டரிபுரம் செல்ல விழைந்தார். தொலைவில் நின்று தொழும் அவமதிப்புக்குத் தம் மனைவியை அனுப்ப அம்பேத்கர் இசையவில்லை. 1935இல் ரமாபாய் மறைந்தார். சானே குருஜி உண்ணாநோன்பிருந்த பின்னர், 1947இல்தான் அவ்வாசல் திறந்தது.