எல்லாப்பிரகடா சுப்பாராவ்

எல்லாப்பிரகடா சுப்பாராவ் (ஜனவரி 12, 1895 – 1948), இரத்தச் சிவப்பணு உருவாக்கத்திற்கு இன்றியமையாத ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்த ஆய்வை வழிநடத்திய இந்திய உயிர்வேதியியலாளர் ஆவார்.

பீமவரத்தில் பிறந்த இவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றார். கதர் அணிந்ததால் ஆங்கிலேயப் பேராசிரியரின் சினத்திற்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்திற்குப் பதிலாக அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழே பெற்றார். இரத்தசோகையை விளைவிக்கும் ஸ்ப்ரூ என்னும் குடல்நோய்க்குச் சகோதரர் இருவரை இழந்தார். தாமும் அந்நோயால் துன்புற்றார்.

1923இல் அமெரிக்கா சென்று, ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க்குடன் இணைந்து 1927இல் தசையிலுள்ள பாஸ்போகிரியேட்டினைக் கண்டறிந்தார். அங்கு நிரந்தரப் பதவி கிட்டவில்லை. 1940இல் லெடர்லி ஆய்வகத்தில் சேர்ந்தார்.

கொடிய இரத்தசோகையைத் தீர்க்கும் பொருளையே கல்லீரலில் தேடினார். அது (பி12) 1948இல் பிறரால் பிரித்தெடுக்கப்பட்டது. இவர் குழுவுக்குக் கிட்டியது ஃபோலிக் அமிலம். 1945இல் அது செயற்கையாகத் தயாரிக்கப்பட்டதும், ஸ்ப்ரூ நோயாளிகளின் இரத்தசோகை அதனால் நீங்கியது.

ஃபோலிக் அமிலம் இயக்குநீர் அன்று, உயிர்ச்சத்து. சிறுநீரகம் சுரக்கும் எரித்ரோபொயட்டின் என்னும் இயக்குநீரே சிவப்பணு உற்பத்தியைத் தூண்டுகிறது. எனினும் ஃபோலிக் அமிலம் இன்றேல் எலும்பு மச்சையில் டி.என்.ஏ. உருவாக்கம் தடைப்பட்டு, உயிரணுக்கள் முறையாகப் பிரியமாட்டா. இத்தடையையே மருந்தாக்கி, லெடர்லி தயாரித்த அமினோப்டெரினைச் சிட்னி ஃபார்பர் இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்கு அளித்தார். தற்காலிகமாயினும் நோய் தணிந்தது. அம்முடிவுகள் வெளியான 1948ஆம் ஆண்டிலேயே சுப்பாராவ் மாரடைப்பால் காலமானார்.