நூலகப் பேராசான் இரங்கநாதனார்

ஞானப்பால் உண்ட சம்பந்தப் பெருமான் அவதரித்த திருத்தலம் சீகாழி. அப்பதியிலே 1892ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஓர் ஆண்மகவு பிறந்தது. அதே ஆண்டிலேதான் அக்காலத்து மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்த காரைதீவிலே எமது விபுலாநந்த அடிகளாரும் தோன்றினார். அடிகளார் தமிழுக்கும் இசைக்கும் கல்விக்கும் ஆற்றிய தொண்டை எமது இளைஞர் நன்கு அறிவர். சீகாழியிற் பிறந்த இரங்கநாதனாரோ வேறொரு தொண்டிலே தம் வாழ்நாளைச் செலவிட்டார். குவிந்து கிடக்கும் நூல்களிடையே வேண்டிய நூலை, வேண்டியவர், வேண்டிய பொழுதிலே கண்டெடுக்க வழி செய்வதே அத்தொண்டு. அன்னாரின் வரலாற்றை இம்மலர் வாயிலாக அன்பர்களுக்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

நூல்களை அடுக்கி வைப்பதும் ஒரு தொண்டோ என்று சிலர் வினவக்கூடும். உன்னிச்சைக் குளத்து நீரை நம்பி வாழும் எமக்கு இதன் விடை எளிதில் விளங்கும். குளம் நிறைந்து ததும்பினால் மட்டும் வயல் விளைந்துவிடுமா? துருசு திறபட வேண்டும். வாய்க்கால் செப்பமாயிருக்க வேண்டும். இன்ன வாய்க்கால் இன்ன வட்டைக்கு என்ற முறையும் வேண்டும். முறை தவறினால் தலைவயல் மூழ்கும், கடைவயல் காயும். அறிவும் அத்தகையதே. ஆயிரம் நூல்கள் அலுமாரியில் இருந்தாலும், தேடி வந்த ஏழை மாணவனின் கைக்கு உரிய நூல் எட்டாவிடின் அவனைப் பொறுத்தவரை அக்குளம் வற்றிய குளமே. இதனை உணர்ந்து, கடைவயலுக்கும் நீர் பாயச் செய்தவர் இரங்கநாதனார்.

அன்னாரின் தந்தையார் இராமாமிர்த ஐயர். இராமாயணத்தைப் பிறர்க்கு எடுத்துரைக்கும் வழக்கமுடையவர். பிள்ளைக்கு ஆறு வயதாகும்போதே தந்தையார் காலமானார். இளமையிலே இரங்கநாதனாருக்குத் திக்குவாயும் இருந்தது. இவ்விரு இடர்களையும் பொருட்படுத்தாது சீகாழி இந்து உயர்தரப் பாடசாலையிலே படித்துத் தேறி, சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலே சேர்ந்து, 1916இல் கணிதத்தில் எம்.ஏ. பட்டம் பெற்றார். பின்னர் மங்களூரிலும் கோயம்புத்தூரிலும் சென்னை இராசதானிக் கல்லூரியிலும் கணித ஆசிரியராக விளங்கினார். பேசவே இடர்ப்பட்ட பிள்ளை, மாணவர் விரும்பிக் கேட்கும் ஆசானாக உயர்ந்தமை எமது இளைஞர் மனத்திற் பதிக்க வேண்டிய செய்தியாகும்.

1924 சனவரியிலே சென்னைப் பல்கலைக்கழகம் அன்னாரைத் தனது முதல் நூலகராக நியமித்தது. வகுப்பறையின் கலகலப்பிலே பழகியவருக்கு அந்தத் தனிமை பொறுக்கவில்லை. சில நாட்களுக்குள்ளேயே பழைய கல்லூரிக்குச் சென்று, ஆசிரியப் பதவியையே மீண்டும் தருமாறு வேண்டினார். பயிற்சிக்காக இலண்டன் சென்று வரட்டும், அதன் பின்னரும் மனம் மாறாவிடின் பார்த்துக்கொள்ளலாம் என்பதே கிடைத்த விடை. வேண்டாவெறுப்பாகத் தொடங்கிய அப்பயணமே அன்னாரின் வாழ்க்கையை மாற்றியது.

இலண்டனிலே சேயர்ஸ் என்னும் ஆசிரியரிடம் நூலகக் கல்வி பயின்றார். நூற்றுக்கு மேற்பட்ட நூலகங்களைச் சென்று பார்த்தார். நூலகம் என்பது நூல்களைப் பூட்டிக் காக்கும் களஞ்சியமன்று. ஊரை உயர்த்தும் கருவி என்ற உண்மை அங்கே அன்னாருக்குப் புலனாயிற்று. ஆயினும் நூல்களைப் பகுக்கும் முறையிலே ஒரு குறையையும் கண்டார். அமெரிக்கராகிய மெல்வில் டூயி 1876இல் வெளியிட்ட தசம முறையிலே ஒவ்வொரு பொருளுக்கும் முன்கூட்டியே ஓர் எண் குறிக்கப்பட்டிருந்தது. இரண்டு மூன்று பொருள்கள் பின்னிப் பிணைந்த நூல் வந்தால் அதற்கேற்ற இடம் கிடைப்பது அரிது. இந்நிலையில் ஒருநாள் இலண்டன் கடையொன்றிலே மெக்கானோ என்னும் விளையாட்டுப் பொருளைக் கண்டார். சில தகடுகள், சில அச்சுகள், சில திருகாணிகள் மட்டுமே அதில் இருந்தன. அவற்றையே மாற்றி மாற்றிப் பூட்டி எத்தனையோ உருவங்கள் செய்து காட்டினர். நூலின் எண்ணையும் இவ்வாறு உறுப்புகளைப் பூட்டி ஆக்கினால் என்ன என்ற எண்ணம் அன்னாருக்கு உதித்தது. அதன் விளைவாக 1933இல் வெளிவந்ததே கோலன் பகுப்புமுறை. உறுப்புகளைப் பூட்டும் குறியாக முக்காற்புள்ளியைக் கொண்டமையால் அப்பெயர் பெற்றது.

இம்முறையின் நுட்பத்தை எமது வயலிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். மட்டக்களப்பிலே 1960ஆம் ஆண்டளவில் நெற்பயிரை அறக்கொட்டிப் பூச்சியிலிருந்து காத்தல் பற்றி ஒரு நூல் இருப்பதாகக் கொள்வோம். இதனை நெல் என்பதில் வைப்பதா, பூச்சி என்பதில் வைப்பதா, மட்டக்களப்பு என்பதில் வைப்பதா? தலைமைப் பொருள், அது ஆக்கப்பட்ட பண்டம், அதன்மேல் நிகழும் செயல், இடம், காலம் என எந்த நூற்பொருளையும் ஐந்து கூறுகளாகப் பார்க்கலாம் என்று இரங்கநாதனார் காலப்போக்கிலே வகுத்தார். எமது நூலிலே நெல் தலைமைப் பொருள், பூச்சியைத் தடுத்தல் செயல், மட்டக்களப்பு இடம், 1960 காலம். ஒவ்வொன்றுக்கும் உரிய குறியை எடுத்து வரிசையாகப் பூட்டினால் அந்நூலின் எண் பிறந்துவிடும். அது மட்டுமன்று, அந்த எண்ணின் ஒவ்வொரு கண்ணியையும் கொண்டு அட்டவணைக்குரிய தலைப்புகளை ஆக்கும் வழியையும் கண்டார். ஆகவே நெல் என்று தேடி வந்தவரும் பூச்சி என்று தேடி வந்தவரும் ஒரே நூலிடம் வந்து சேர்வர். தேடுபவர் எந்தச் சொல்லோடு வருவார் என்று முன்கூட்டியே எண்ணிப் பார்த்து அவருக்காக வழி திறந்து வைப்பதே இதன் உயிர்.

நூலக இயலுக்கு அடிப்படையாக ஐந்து விதிகளையும் 1931இல் நூலாக்கி அளித்தார். நூல் பூட்டி வைப்பதற்கன்று, பயன்படுத்துவதற்கே என்பது முதலாவது. ஒவ்வொரு வாசகர்க்கும் உரிய நூல் கிட்ட வேண்டும் என்பதும், ஒவ்வொரு நூலும் தனக்குரிய வாசகரை அடைய வேண்டும் என்பதும் அடுத்த இரண்டு. வாசகரின் நேரம் வீணாகலாகாது என்பது நான்காவது. நூலகம் என்றும் வளர்ந்துகொண்டேயிருக்கும் என்பது ஐந்தாவது. படிப்பதற்கு எளியவையாகத் தோன்றும் இவ்விதிகளை நடைமுறைப்படுத்துவது எளிதன்று. சென்னைப் பல்கலைக்கழக நூலகத்திலே வாசகர் தாமே அலுமாரிகளிடையே சென்று நூலை எடுக்க வழி செய்தார். நூலகம் திறந்திருக்கும் நேரத்தையும் நீட்டினார்.

படித்தவர்க்கு மட்டும் உழைத்தாரல்லர். 1928இல் தோன்றிய சென்னை நூலகச் சங்கத்தின் வாயிலாக ஊர்தோறும் நூலகம் வேண்டுமென்று உழைத்தார். 1931இல் மன்னார்குடிப் பகுதியிலே கனகசபைப் பிள்ளை என்னும் பெரியார் மாட்டு வண்டியொன்றை நூலகமாக அமைத்துக் கிராமங்களுக்கு அனுப்பிய முயற்சிக்கும் அன்னாரின் ஊக்கம் துணை நின்றது. அன்னாரின் நெடுங்கால முயற்சியின் பயனாக 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அதுவே.

சென்னையை விட்டு 1945இல் காசி இந்து சர்வகலாசாலைக்குச் சென்று, இரண்டே ஆண்டுகளில் ஏறத்தாழ ஒரு லட்சம் நூல்களைத் தாமே பகுத்து ஒழுங்கு செய்தார். பின்னர் தில்லிப் பல்கலைக்கழகத்திலே நூலக இயல் கற்பித்தார். தாம் சேமித்த ஒரு லட்சம் ரூபாவைத் தமது துணைவியார் சாரதா அம்மையாரின் பெயரால் சென்னைப் பல்கலைக்கழகத்தில் நூலக இயற் பேராசிரியர் பதவி ஏற்பட வழங்கினார். 1957இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1962இல் பெங்களூரிலே நூலக ஆராய்ச்சிக்கும் பயிற்சிக்குமென ஒரு நிலையத்தை உருவாக்கி, 1972 செப்டெம்பர் 27ஆம் நாள் அந்நகரிலேயே இறைவனடி சேர்ந்தார். இந்தியாவிலே ஆகஸ்ட் 12ஆம் நாள் அன்னாரின் நினைவாக நூலகர் தினமாகக் கொண்டாடப்படுகின்றது.

எமது நாட்டுக்கும் அன்னாருக்கும் தொடர்பு உண்டு. யாழ்ப்பாணத்திலே பொது நூலகத்துக்குப் பெருங் கட்டடம் எழுப்ப முனைந்தபோது இரங்கநாதனாரின் ஆலோசனை பெறப்பட்டது. 1959இல் திறக்கப்பட்ட அந்நூலகம் 1981 மே 31ஆம் நாள் இரவு எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. பிறிதொரு பிரதி இல்லாத ஏடுகளும் அவற்றுள் அடங்கும். அந்த இழப்பின் பின்னர் எஞ்சிய நூல்களைத் தேடித் திரட்டி மின்வடிவிலே காப்பவர்கள் இன்று எம்மிடையே உளர். அவர்களும் ஒவ்வொரு நூலுக்கும் பெயரும் ஆசிரியரும் ஆண்டும் பொருளும் குறித்து வைத்தாலன்றி அத்திரட்டு பயன்தராது. காத்தல் பாதி, கண்டெடுக்கச் செய்தல் மறுபாதி.

உண்மையைச் சொல்வதாயின், அன்னாரின் கோலன் முறையைக் கைக்கொண்ட நூலகங்கள் உலகிலே சிலவே. எமது நாட்டு நூலகங்கள் பெரும்பாலும் டூயியின் முறையையே பின்பற்றுகின்றன. ஆயினும் ஒரு பொருளைப் பல கூறுகளாகப் பகுத்து எந்தக் கூறிலிருந்தும் தேடலாம் என்ற அன்னாரின் கருத்து, இன்று கணினியிலே தேடுவோர்க்கெல்லாம் பயன்படுகின்றது. முறை மறையலாம், முறைக்குப் பின்னால் நின்ற அன்பு மறையாது. நேரிற் காணாத, பெயரும் அறியாத ஒரு வாசகரின் காலத்தையும் முயற்சியையும் மதித்த அன்பு அது.

இளைஞர்காள்! எமது கிராமத்து வாசிகசாலைகளிலே நூல்கள் சிலவாயினும் உண்டு. மூத்தோர் வீடுகளிலே பழைய ஏடுகளும் கூத்துப் பிரதிகளும் கோயிற் பதிவுகளும் பெயரின்றிப் பெட்டிகளிலே கிடக்கின்றன. பெரியோர்காள்! அவை இன்னவை, இன்னார் எழுதியவை, இன்ன ஆண்டின என்று சொல்ல வல்லவர் நீங்களே. நீங்கள் சொல்ல, இளைஞர் ஒரு கொப்பியிலே எழுதி, ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்டு, எண்ணின்படி அடுக்கி வைத்தல் வேண்டும். இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. பொறுமையும் ஒழுங்குமே போதும். நாளை ஒரு பிள்ளை தன் ஊரின் கதையைத் தேடி வரும்போது, யாரையும் கெஞ்சாது தானே அதனை எடுத்துப் படிக்கக்கூடுமாயின், இரங்கநாதனாருக்கு நாம் செய்யும் சிறந்த அஞ்சலி அதுவே ஆகும்.