பவளத்தீவின் புதிரும் டார்வினும்

சார்லஸ் டார்வின் என்றதும் பரிணாமக் கொள்கையே நம் நினைவுக்கு வரும். பவளத்தீவுகளின் பிறப்பை விளக்கியவரும் அவரே என்பதைப் பலர் அறியார்.

1809 பிப்ரவரி 12-இல் இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரியில் மருத்துவரின் மகனாகப் பிறந்தார். எடின்பரோவில் தொடங்கிய மருத்துவப் படிப்பு பாதியில் நின்றது. கேம்பிரிட்ஜில் பட்டம் பெற்றபின், 1831 டிசம்பரில் ‘பீகிள்’ கப்பலேறி உலகைச் சுற்றப் புறப்பட்டார்.

அக்கால அறிஞர்களை ஒரு புதிர் வாட்டியது. பவளத்திட்டுகளைக் கட்டும் சிற்றுயிர்கள் வெதுவெதுப்பான, ஆழமற்ற நீரில்தான் செழிக்கும். அப்படியிருக்க, ஆழ்கடல் நடுவே நம் லட்சத்தீவுகள் போன்ற வளையத் தீவுகள் எங்ஙனம் எழுந்தன? மூழ்கிய எரிமலை வாயின் விளிம்பில் அவை வளர்ந்தன என்றார் நிலவியல் அறிஞர் லயல்.

டார்வின் வேறுவிதமாகச் சிந்தித்தார். தென் அமெரிக்காவின் மேற்குக் கரை மெல்ல உயர்ந்து வந்ததைக் கண்டவர், ஓரிடம் உயர்ந்தால் மற்றோரிடம் தாழவும் கூடுமன்றோ என எண்ணினார். எரிமலைத் தீவின் கரையை ஒட்டிப் பவளம் வளர்கிறது. தீவு சிறிது சிறிதாக அமிழ, பவளமோ மேல்நோக்கி வளர்ந்து நீர்மட்டத்தை எட்டிக்கொண்டே இருக்கிறது. இடையில் கடல் புக, பவளம் தடுப்புச்சுவர்போல் நிற்கிறது. இறுதியில் மலை மறைய, வளையமும் நடுவே கழியும் எஞ்சுகின்றன. உண்மையான பவளத்திட்டு ஒன்றை நேரில் காணுமுன்பே இக்கருத்து அவர் உள்ளத்தில் உருவாகிவிட்டது!

கருத்து பிறந்தால் போதுமா? சோதிக்க வேண்டுமே! 1836 ஏப்ரலில் இந்தியப் பெருங்கடலின் கீலிங் தீவுகளில் அதற்கு வாய்ப்புக் கிட்டியது. கப்பல் தலைவர் ஃபிட்ஸ்ராய், அடியில் கொழுப்புத் தடவிய ஈயக்குண்டைக் கடலில் இறக்கினார். 10 பாகம், அதாவது 60 அடி ஆழம்வரை உயிருள்ள பவளத்தின் அச்சு பதிந்து வந்தது. ஆழம் கூடக்கூட மணலே ஒட்டியது. கரையிலிருந்து 2,200 கஜத் தொலைவில் 7,200 அடிக் கயிறு விட்டும் தரை தட்டவில்லை.

1837-இல் லண்டன் நிலவியல் கழகத்தில் தம் கொள்கையை எடுத்துரைத்தார். லயலே தம் கருத்தைக் கைவிட்டார். 1842-இல் நூலும் வெளிவந்தது. எனினும், நிலம் தாழாமலே பவளத்தீவு தோன்றலாம் என ஜான் மர்ரே பின்னாளில் மறுத்தார். செல்வர் எவரேனும் பொருளுதவி செய்து வளையத் தீவொன்றில் துளையிட்டுப் பார்க்கமாட்டாரா என 1881-இல் டார்வின் ஏங்கினார். 1882 ஏப்ரல் 19-இல் மறைந்தார்.

1896 முதல் 1898 வரை பசிபிக்கின் ஃபுனாஃபுட்டியில் 1,100 அடிக்குமேல் துளையிட்டும் எரிமலைப் பாறை தென்படவில்லை. 1952-இல் எனிவெட்டாக் தீவில் 4,000 அடிக்கும் கீழே அது கிட்டியது. பனியூழிகளில் கடல்மட்டம் ஏறி இறங்கியதும் இத்தீவுகளின் உருவத்தை மாற்றியதை இன்று அறிகிறோம். ஆயினும் அமிழும் மலையே அடிப்படை என்பது நிலைத்துவிட்டது.

நூல் வெளிவந்து 110 ஆண்டுகள் கழித்தே சான்று கிடைத்தது. மாணவ நண்பர்களே, தாம் காணாத தீர்ப்புக்கும் அஞ்சாமல், அளந்து பார்த்துப் பேசிய அப்பண்பன்றோ நாம் அவரிடம் கற்க வேண்டியது!