கோல் வேந்தர் ஜிம்மி டன்

2015ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் இங்கிலாந்து நாட்டுப் பந்தாட்ட ரசிகர்களிடையே பெரியதோர் ஆரவாரம் எழுந்தது. லெஸ்டர் நகர அணியின் ஜேமி வார்டி தொடர்ந்து 11 லீக் ஆட்டங்களில் கோல் போட்டுவிட்டார். 1992இல் பிரிமியர் லீக் என்ற பெயரில் போட்டிகள் தொடங்கிய பிறகு அவ்வளவு தூரம் சென்றவர் எவருமில்லை. ஆனால், இங்கிலாந்தின் பந்தாட்டம் 1992இலா பிறந்தது? பழைய ஏடுகளைப் புரட்டியவர்கள் ஒரு பெயரைக் கண்டெடுத்தனர். முதல் டிவிஷனில் ஒரே பருவத்தில், தம் அணி அடுத்தடுத்து ஆடிய 12 ஆட்டங்களிலும் கோல் போட்டவர் ஒருவர் உண்டு. அவர் ஷெபீல்டு யுனைடெட் அணியின் ஜிம்மி டன் என்று தெரிய வந்தது. டிசம்பர் 5ஆம் நாள் ஸ்வான்சீ அணியுடன் நடந்த ஆட்டத்தில் வார்டிக்குக் கோல் கிட்டவில்லை. பழைய எண் அசையாமல் நின்றது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. வார்டி பிறந்த ஊரும் அதே ஷெபீல்டுதான்!

அறிவியல் மாணவர்களாகிய நமக்கு முதல் வகுப்பிலேயே சொல்லித் தரும் பாடம் ஒன்றுண்டு. அலகு இல்லாத எண்ணுக்குப் பொருளில்லை. 12 என்றால் 12 கிராமா, 12 மைலா? பந்தாட்டப் பதிவேட்டில் காணும் 12 என்ற எண்ணையும் அப்படித்தான் கேட்க வேண்டும். அதன் பின்னால் இருந்த மனிதர் யார்? அந்த எண்ணை அடைய அவர் கடந்த தொலைவு எவ்வளவு?

ஜிம்மி டன் 1905ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள் அயர்லாந்தின் டப்ளின் நகரில் பிறந்தார். லிபி ஆறு கடலோடு கலக்குமிடத்தில் துறைமுகத்தை ஒட்டி அமைந்த ரிங்ஸெண்டு என்ற உழைப்பாளர் பகுதி அவருடைய ஊர். புகழ்பெற்ற ஷாம்ராக் ரோவர்ஸ் கழகம் தோன்றியதும் அந்தப் பகுதியில்தான். ஆகவே அங்கு வளர்ந்த பிள்ளைகளுக்குப் பந்தாட்டம் தெருவிலேயே கிடைத்த செல்வம் என்று கூறலாம்.

ஆனால் காலம் விளையாட்டுக்குரிய காலமாக இல்லை. 1921 டிசம்பரில் பிரிட்டனோடு செய்துகொண்ட உடன்படிக்கை ஐரிஷ் மக்களையே இரு கூறாக்கியது. 1922 ஜூனில் உள்நாட்டுப் போர் மூண்டது. நேற்றுவரை தோளோடு தோள் நின்றவர்கள் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டனர். ஜிம்மியின் அண்ணன் கிறிஸ்டி குடியரசுக் கட்சியில் ஈடுபட்டிருந்தார். பதின்பருவம் கடவாத ஜிம்மியையும் புதிய அரசு ஐயத்தின் பேரில் பிடித்துக் காவலில் வைத்தது. அன்று காவல் முகாம்களில் அடைபட்டுக் கிடந்த குடியரசுவாதிகள் ஆயிரக்கணக்கானவர்கள். முள்வேலிக்குள்ளே பொழுது போவதற்கு அந்த இளைஞருக்குக் கிடைத்த துணை ஒரு பந்து. அவருடைய ஆட்டம் அங்குதான் உரம் பெற்றது.

இதில் ஒரு முரண்பாடு இருப்பதையும் கவனிக்க வேண்டும். நாட்டுப் பற்று மிக்க ஐரிஷ்காரர் பலருக்குக் கால்பந்து அன்று அன்னியர் ஆட்டம். அதை ஆடியவர்களைக் கேலிக் விளையாட்டுக் கழகம் தன் அணிகளில் சேர்க்காமல் விலக்கி வைத்தது. அந்தத் தடை 1971இல்தான் நீங்கியது. நாட்டுக்காகச் சிறை சென்ற குடும்பத்துப் பிள்ளையோ அந்த அன்னிய ஆட்டத்தையே தம் வாழ்வாக்கிக் கொண்டார். பற்று வேறு, ஆட்டம் வேறு என்பது அவருக்கு எவரும் சொல்லாமலே விளங்கிவிட்டது போலும்!

விடுதலையான பிறகு டன் ஷாம்ராக் ரோவர்ஸில் சேர்ந்தார். அங்கே ஏற்கெனவே வலிமை மிக்க முன்வரிசை ஒன்று இருந்ததால் இளைஞருக்கு இடம் அரிதாயிற்று. 1925இல் கடல் கடந்து நியூ பிரைட்டன் என்ற சிறிய ஆங்கிலேய அணிக்குப் போனார். அங்கு ஆடிய சில ஆட்டங்களிலேயே பெரிய அணிகளின் கண்ணில் பட்டார். 1926 பிப்ரவரியில் ஷெபீல்டு யுனைடெட் அவரை வாங்கிக்கொண்டது.

ஷெபீல்டு எஃகு நகரம். அதன் அணி முந்திய ஆண்டுதான் இங்கிலாந்துக் கோப்பையை வென்றிருந்தது. அதன் நடு முன்னணி ஆட்டக்காரர் ஹாரி ஜான்சன். ஆட்டத்தையே முழுநேரத் தொழிலாகக் கொள்ளாமல் உலோக ஆய்வு வேலையையும் பார்த்துக்கொண்டு அந்த அணிக்காக 201 லீக் கோல்கள் போட்ட அதிசய மனிதர் அவர். அத்தகையவர் இருக்கும் இடத்தில் புதியவருக்கு என்ன வேலை? மூன்று ஆண்டுகளுக்கு மேல் டன் பெரும்பாலும் இரண்டாம் அணியில்தான் ஆடினார். இருபது வயதில் வீட்டை விட்டு வந்தவர், வேற்று ஊரில், யாரும் பார்க்க வராத ஆட்டங்களில் காலத்தைக் கழித்தார். ஊருக்குத் திரும்பிவிடலாம் என்ற எண்ணம் தோன்றாமல் இருந்திருக்குமா? வெளியூரில் வந்து படிக்கும் நம் போன்றவர்கள் அதை எளிதில் ஊகிக்கலாம். எனினும் அவர் திரும்பவில்லை.

அவருடைய வேளை வருவதற்குள் ஆட்டத்தின் விதியே மாறியிருந்தது. முன்பெல்லாம் பந்தைப் பெறுபவருக்கும் கோல் கோட்டுக்கும் இடையே எதிரணியினர் மூவராவது இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் ஆப்சைடு. நியூகாசில் அணியின் தடுப்பாட்டக்காரர் பில் மக்ராக்கன் இந்த விதியைப் பயன்படுத்தி எதிரிகளைச் சிக்கவைப்பதில் பெரும் சூரர். பெல்பாஸ்டு நகரத்தவரான அவரும் ஐரிஷ்காரரே. அவரைப் போன்றவர்களால் ஆட்டம் உயிரற்றுப் போயிற்று. ஆகவே 1925இல் மூவர் என்பதை இருவர் என்று திருத்தினார்கள். அணை உடைந்தது போல் கோல்கள் பெருகின. 1927-28 பருவத்தில் எவர்ட்டனின் டிக்ஸி டீன் 60 லீக் கோல்கள் போட்டு இன்றளவும் எவரும் எட்டாத உயரத்தை எட்டினார். ஒரு ஐரிஷ் வீரர் ஏற்படுத்திய நெருக்கடியால் பிறந்த விதி, இன்னொரு ஐரிஷ் வீரருக்கு வழி திறந்தது என்று சொன்னால் மிகையாகாது.

1929-30 பருவத்தில் டன்னுக்கு நிலையான இடம் கிடைத்தது. கிடைத்த இடத்தை அவர் விடவில்லை. 36 லீக் கோல்கள்! ஆனால் அணியின் நிலையோ பரிதாபம். 22 அணிகளில் கடைசி இரண்டும் கீழ் டிவிஷனுக்கு இறங்க வேண்டும். பருவம் முடிந்தபோது எவர்ட்டன் 35 புள்ளிகளோடு கடைசியில் கிடந்தது. அதற்கு மேலே ஷெபீல்டு யுனைடெட், பர்ன்லி இரண்டும் 36 புள்ளிகளோடு சமமாக நின்றன. யார் இறங்குவது?

அக்காலத்தில் இத்தகைய வழக்கைத் தீர்க்கக் கோல் சராசரி என்ற முறை இருந்தது. போட்ட கோல்களை வாங்கிய கோல்களால் வகுக்க வேண்டும். ஷெபீல்டு போட்டது 91, வாங்கியது 96, விடை 0.948. பர்ன்லி போட்டது 79, வாங்கியது 97, விடை 0.814. ஷெபீல்டு தப்பியது. இனி ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். புள்ளிகள் அப்படியே இருக்க, ஷெபீல்டு 13 கோல்கள் குறைவாகப் போட்டிருந்தால் அதன் சராசரி 0.8125 ஆகிவிடும், பர்ன்லி தப்பி ஷெபீல்டு இறங்கியிருக்கும். டன் ஒருவரே போட்டவை 36 அல்லவா? எண்ணுக்கு அலகு வேண்டும் என்றோமே, இதோ ஓர் அலகு! அந்த 36இன் அளவு ஓர் ஊர் அணியின் மானம்.

மே 3ஆம் நாள் மான்செஸ்டர் யுனைடெட் அணியை அதன் ஊரிலேயே 5-1 என்று வென்று ஷெபீல்டு கரையேறியது. எட்டே நாட்களில், மே 11இல், டன் பிரஸ்ஸல்ஸ் நகரில் ஐரிஷ் சுதந்திர நாட்டின் சட்டையணிந்து பெல்ஜியத்துக்கு எதிராக இரண்டு கோல்கள் போட்டார். அயர்லாந்து 3-1 என்று வென்றது.

அடுத்த பருவத்தில் 41 லீக் கோல்கள். ஷெபீல்டு யுனைடெட் அணியில் ஒரே பருவத்தில் அத்தனை லீக் கோல்கள் போட்டவர் அவருக்கு முன்னுமில்லை, பின்னுமில்லை. ஆனாலும் அந்த ஆண்டு முதலிடம் அவருக்குக் கிடைக்கவில்லை. ஆஸ்டன் வில்லாவின் வேரிங் 49 போட்டுவிட்டார்! மூன்றாவது பருவமாகிய 1931-32இல் 33 கோல்கள். மூன்று பருவங்களில் 110. இந்த மூன்றாவது பருவத்தில்தான் நாம் தேடி வந்த 12 இருக்கிறது. 1931 அக்டோபர் இறுதியில் தொடங்கி 1932 புத்தாண்டு நாள் வரை, பனியும் மழையும் சேறுமான இங்கிலாந்துக் குளிர்காலத்தில், ஓர் ஆட்டம்கூடத் தவறாமல் அவர் கோல் போட்டார். அக்காலப் பந்து வார் வைத்துக் கட்டிய தோல் பந்து. நனைந்தால் கல்லாய்க் கனக்கும். டன்னோ தலையால் முட்டிக் கோல் போடுவதில் வல்லவர். அந்தத் தலை எத்தனை இடி தாங்கியதோ!

இவ்வளவுக்கும் அவருக்குக் கிடைத்த கூலி என்ன? எந்த ஆட்டக்காரருக்கும் வாரத்துக்கு 8 பவுனுக்கு மேல் தரக்கூடாது என்பது அன்றைய லீக்கின் சட்டம். கோடையில் 6 பவுன். 1933 செப்டம்பரில், பணமுடையில் சிக்கிய ஷெபீல்டு யுனைடெட் அவரை 8,250 பவுனுக்கு ஆர்சனலுக்கு விற்றது. அந்தத் தொகையை வாரம் 8 பவுன் வீதம் சம்பாதிக்க ஓர் ஆட்டக்காரர் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் உழைக்க வேண்டும். ஷெபீல்டுக்காக அவர் போட்ட லீக் கோல்கள் 173 ஆட்டங்களில் 143. அவரை விற்ற அதே பருவத்தின் முடிவில் அந்த அணி பட்டியலின் அடியில் கிடந்து இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது. பணமுடை தீர்க்க விற்றார்கள். விற்றது தூணை என்பது பிறகே தெரிந்தது.

ஆர்சனல் அன்று இங்கிலாந்தின் தலைசிறந்த அணி. அந்தப் பருவத்தில் அது லீக் பட்டத்தை வென்றது. டன் 9 கோல்கள் போட்டார். ஆனால் அவரை வாங்கிய மேலாளர் ஹெர்பர்ட் சாப்மன் 1934 ஜனவரியில் திடீரென இறந்துபோனார். மார்ச்சில் சவுத்தாம்ப்டன் அணியிலிருந்து டெட் டிரேக் என்ற இளைஞர் வந்தார். அடுத்த பருவத்தில் அவர் 42 லீக் கோல்கள் குவிக்க, டன் மீண்டும் இரண்டாம் அணிக்காரர் ஆனார். ஒரு காலத்தில் ஜான்சனுக்காகக் காத்திருந்தவர் இப்போது டிரேக்கின் நிழலில் நின்றார். 1936இல் அவர் சென்று சேர்ந்தது எங்கே தெரியுமா? டிரேக் விட்டு வந்த அதே சவுத்தாம்ப்டனுக்கு!

அவருடைய நாட்டுச் சட்டை பற்றியும் சொல்ல வேண்டும். அயர்லாந்துக்கு அன்று பந்தாட்டச் சங்கங்கள் இரண்டு. 1880இல் தோன்றியது பெல்பாஸ்டில். 1921இல் பிரிந்தது டப்ளினில். இரண்டும் தாமே முழு அயர்லாந்து என்று சொல்லித் தீவு முழுவதிலிருந்தும் வீரர்களைத் தேர்ந்தன. டன் பெல்பாஸ்டுச் சங்கத்துக்கு 7 ஆட்டங்கள் ஆடி 4 கோல்களும், டப்ளின் சங்கத்துக்கு 15 ஆட்டங்கள் ஆடி 13 கோல்களும் போட்டார். டப்ளின் சங்கத்தின் ஆட்டங்களுக்கு ஆளை அனுப்ப ஆங்கிலேய அணிகள் எளிதில் இசைவதில்லை. ஆகவே அவர் உச்சத்தில் இருந்த ஆண்டுகளில் சொந்த ஊர்க்காரர்கள் அவரை அரிதாகவே கண்டனர். அப்படியிருந்தும் அந்த 13 கோல்கள் 1960கள் வரை முறியாத எண்ணாக இருந்தன. நாடு இரண்டாகப் பிளந்ததற்காகச் சிறைப்பட்டவர் இரு பிரிவுக்கும் ஒரே மனத்தோடு ஆடினார் என்பது நினைக்கத்தக்கது.

1937இல் அவர் ஊர் திரும்பினார். எந்த அணியில் இடம் அரிதென்று கடல் கடந்தாரோ, அதே ஷாம்ராக் ரோவர்ஸ் அவரை ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் வரவேற்றது. அவர் வந்த இரண்டு பருவங்களிலும் அந்த அணி லீக் பட்டம் வென்றது. 1940இல் கோப்பையும் வென்றது. 1942இல் ஆட்டத்தை நிறுத்தி, அதே நகரத்தின் பொஹீமியன்ஸ் அணிக்குச் சில ஆண்டுகள் பயிற்சியளித்தார். பின்னர் மீண்டும் ரோவர்ஸ். இம்முறை அவர் கையில் இருந்தவர்கள் இளைஞர்கள். அவர்களை உருவாக்கிக் கொண்டிருக்கும்போதே, 1949 நவம்பர் 14ஆம் நாள் மாரடைப்பால் காலமானார். வயது 44. அவர் விட்ட பணியைப் பேடி கோடு என்ற ஆட்டக்காரர் ஏற்று நடத்த, 1950களில் அந்த இளைஞர் அணி அயர்லாந்தில் கொடிகட்டிப் பறந்தது. அதை விதைத்தவர் பார்க்கவில்லை.

நண்பர்களே, சாதனை எண்கள் ஒருநாள் முறியக்கூடியவை. இந்த 12ஐயும் நாளை ஓர் இளைஞர் 13 ஆக்கலாம், ஆக்கட்டும். அப்படி யாரேனும் அருகே வரும்போதுதான் உலகம் ஜிம்மி டன்னை நினைக்கிறது. ஆனால் அவரை அளக்க வேறு அளவுகளும் உண்டு. முள்வேலிக்குள் கழிந்த இளமை, யாரும் பாராத இரண்டாம் அணியில் பொறுத்திருந்த ஆண்டுகள், மூழ்கவிருந்த ஓர் அணியைத் தூக்கி நிறுத்திய 36 கோல்கள், கடைசியில் சொந்தத் தெருப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கத் திரும்பி வந்த கால்கள். இவற்றுக்குப் பதிவேட்டில் இடமில்லை. இவற்றை எவரும் முறியடிக்கவும் முடியாது.