பூமியின் சூட்டை பலூன் விட்டு அளந்தவர்... பிஎச்டி மறுக்கப்பட்ட அன்னா மணி யார்?

சேலத்தில் இருந்து குப்பனூர் வழியா ஏற்காடு ஏறி ஒரு ராத்திரி தங்கினவங்க இதைக் கவனிச்சிருப்பீங்க. மார்கழியில் வானம் தெளிவா, நட்சத்திரமா இருந்தா அன்னிக்கு குளிர் பின்னி எடுக்கும். மேகம் மூடியிருந்தா அவ்வளவு குளிராது. ஏன் தெரியுமா?

பகல் வெயிலில் சூடான தரை, அந்தச் சூட்டை கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களாக வானத்துக்கு அனுப்புகிறது. மேகமும், காற்றில் உள்ள நீராவி, கார்பன் டை ஆக்சைடு, மீத்தேன், ஓசோன் போன்ற வாயுக்களும் அதைப் பிடித்து, ஒரு பங்கை மறுபடி தரைக்கே அனுப்புகின்றன. வாயுக்கள் செய்யும் இந்த வேலைக்குப் பேர்தான் பசுமை இல்ல விளைவு. இது இல்லையென்றால் பூமியின் சராசரி வெப்பநிலை 15 டிகிரி செல்சியஸுக்குப் பதில் மைனஸ் 18 டிகிரியாக இருந்திருக்கும். நிலக்கரியும் பெட்ரோலும் எரித்து அந்தப் போர்வையை நாம் தடிமனாக்கிக்கொண்டே போவதுதான் இன்றைய சிக்கல்.

சரி, மேலே போற சூடு எவ்வளவு, திரும்பி வர்றது எவ்வளவு? இந்திய வானில் இதை அளந்தவர்களில் முக்கியமானவர் அன்னா மணி.

வைரக் கம்மல் வேண்டாம்

1918 ஆகஸ்ட் 23-ல் திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் பீர்மேட்டில் பிறந்தார். 8-வது பிறந்தநாளுக்கு வீட்டு வழக்கப்படி வைரக் கம்மல் கொடுத்தார்கள். வேண்டாம் என்று சொல்லி, என்சைக்ளோபீடியா பிரிட்டானிகா தொகுதிகளைக் கேட்டு வாங்கினார்.

சென்னை மாநிலக் கல்லூரியில் 1939-ல் பட்டம். அடுத்த ஆண்டே பெங்களூருவில் சர் சி.வி.ராமனின் ஆய்வுக்கூடம். கம்மலாக வேண்டாம் என்ற அதே வைரத்தில் அங்கே ஒளியைப் பாய்ச்சி ஆராய்ந்தார். ஒரு படம் பதிவாக 15, 20 மணி நேரம் ஆகும். அதனால் பல ராத்திரி தூக்கமும் அங்கேயேதான்.

1945-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வேட்டைக் கொடுத்தார். எம்.எஸ்சி. பட்டம் இல்லை என்று சொல்லி பிஎச்டி மறுக்கப்பட்டது. ஆனர்ஸ் பட்டம் இருந்ததும், உதவித்தொகை பெற்று ஆய்வு செய்ததும் கணக்கில் வரவில்லை. நமக்கு இன்னிக்குக் கேட்டாலும் கோபம் வரும். அவர் அதைப் பெருசா எடுத்துக்கல.

இயற்பியல் படிக்கலாம் என்றுதான் லண்டன் போனார். கிடைத்த உதவித்தொகையோ வானிலைக் கருவிகளைப் பற்றிப் படிக்க! அப்படி தற்செயலாக வந்ததுதான் அவரது துறை.

பிசகினால் கணக்கு கந்தல்

1948-ல் திரும்பி வந்து புனேயில் வானிலை ஆய்வுத் துறையில் சேர்ந்தார். சாதாரணக் கருவிகூட வெளிநாட்டில் இருந்து வந்த காலம் அது. சுமார் 100 வகைக் கருவிகளுக்கு வரைபடம் தயாரித்து, இங்கேயே செய்ய ஏற்பாடு செய்தார். அந்தப் பிரிவில் 121 ஆண்கள் அவருக்குக் கீழே வேலை பார்த்தார்கள். தப்பா அளப்பதைவிட அளக்காமல் இருப்பதே மேல் என்பது அவர் கட்சி.

அது வெறும் கண்டிப்பு இல்லீங்க. பூமியின் சூட்டுக் கணக்கில் சதுர மீட்டருக்கு சில வாட் கூடினாலே பருவநிலை மாறிவிடும். கருவி லேசா பிசகினால் மொத்தமும் கந்தல்.

1957-58 சர்வதேச புவி இயற்பியல் ஆண்டில், நாடு முழுக்க சூரியக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களை அமைத்தார். இது பூமிக்குள் வரும் சூட்டின் கணக்கு. வெளியே போகும் சூட்டுக்கு பலூன். பலூன் மேலே ஏற ஏற, அதில் கட்டிய கருவி மேலே போகும் அகச்சிவப்புக் கதிரையும் கீழே வரும் கதிரையும் தனித்தனியாக அளந்து ரேடியோவில் அனுப்பும். அந்த அளவீடுகளை 1965-ல் சக ஆய்வாளர்களோடு சேர்ந்து வெளியிட்டார். பலூனில் ஓசோனை அளக்கும் கருவியையும் அவர் குழு இங்கேயே உருவாக்கியது.

1976-ல் துணைத் தலைமை இயக்குநராக ஓய்வு பெற்றாலும் வேலை நிற்கவில்லை. 1980, 1981-ல் இந்தியாவின் சூரியக் கதிர்வீச்சு பற்றி 2 நூல்கள் கொண்டுவந்தார். எந்த ஊரில் எவ்வளவு வெயில் கிடைக்கும் என்று சூரிய மின்சாரத் திட்டம் போடுபவர்களுக்கு எடுத்துக்கொடுத்தது அந்தப் புத்தகங்கள்தான். பிறகு 700-க்கும் மேற்பட்ட இடங்களில் காற்றின் வேகத்தை அளக்கும் பணி.

2001 ஆகஸ்ட் 16-ல் திருவனந்தபுரத்தில் காலமானார். பட்டம் கிடைக்காத அந்த 1945 ஆய்வேடு, பெங்களூரு ராமன் ஆய்வுக் கழக நூலகத்தில் மற்ற ஆய்வேடுகளோடு ஒன்றாக வைக்கப்பட்டது.